ஒரே இடி, பல பழுது: கண்டாவளைப் பக்கத்து வீட்டுக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கணினி இயங்காமற் போனால், அதைத் திருத்த முற்படுபவரின் மனத்தில் ஒரு கணக்கு ஓடும்: பழுது ஒன்றுதான், அதைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டால் மற்றவை முன்போல் இயங்கும். தூசி, வெப்பம், தேய்மானம் ஆகியவற்றால் வரும் பழுதுகளுக்கு இந்தக் கணக்குப் பெரும்பாலும் சரிவரும். ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்து, இயங்காவிட்டால் அடுத்ததை மாற்றிப் பார்க்கும் கடைவழக்கமும் இதன்மேல்தான் நிற்கிறது. மின்னல் தாக்கிய கணினியில் இந்தக் கணக்குத் தவறாகிவிடுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பாகங்கள் ஒரே கணத்தில் சேதமடைந்திருக்கையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் பதில் எப்போதும் "இல்லை" என்றே வரும். அந்த "இல்லை"யை நம்பி நல்ல பாகத்தையும் குப்பையில் எறிய நேரும். அப்படி எறியப்படவிருந்த ஒரு மதர்போர்ட்டும், அதனுடன் சேர்ந்து போகவிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் எவ்வாறு மீண்டன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நிகழ்ந்தது

வீடு கிளிநொச்சிக்குக் கிழக்கே, கண்டாவளைப் பக்கமாக, இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்வெளியின் ஓரத்தில் உள்ளது. மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடு. உரிமையாளர் அப்பகுதிக் கமக்கார அமைப்பு ஒன்றின் செயலாளர்; காலபோகத்துக்கான விதைநெல், உரம், வாய்க்கால் துப்புரவுப் பங்கு ஆகியவற்றின் கணக்குகளும் உறுப்பினர் பட்டியலும் அந்தக் கணினியில்தான் இருந்தன. பென்டிரைவில் இருந்த பிரதி கடந்த சிறுபோகத்தோடு நின்றுவிட்டது.

கணினி, கடையில் பாகம் பாகமாகப் பொருத்தி வாங்கப்பட்டது: நான்காம் தலைமுறைக் கோர் ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம் இரண்டு, 500 ஜிபி கொள்ளளவுள்ள மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க், வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை. அந்தப் பகுதியில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை வீட்டுக்குள் வலுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டின் பின்சுவரோடு 25 அடி உயர ஜீஐ பைப் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் வெளிப்புற 4ஜி கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து வரும் லான் கேபிள் பைப் வழியே இறங்கி, கூரைக்குக் கீழால் முன்னறைக்கு வந்து, அக்கருவிக்கு மின் கொடுக்கும் சிறு பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு குறுங்கேபிள் கணினிக்குப் போகிறது. பைப்பின் அடி கொங்கிரீட்டில் நின்றது. புவித்தொடுப்பு (எர்த்) எதுவும் அதற்கு இருக்கவில்லை.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், வீட்டிலிருந்து ஏறத்தாழ 40 மீற்றர் தொலைவில் வயல்வரம்பில் நின்ற பனையில் இடி விழுந்தது. பனையின் வட்டுக் கருகி, அடிமரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை உரிந்திருந்தது. அந்த நேரத்தில் கணினி இயங்கிக்கொண்டிருந்தது. திரை இருண்டது, மின்கசிவைக் கண்டால் மின்னைத் துண்டிக்கும் ரிப் சுவிட்ச் விழுந்தது, அதே நீட்டிப் பலகையில் செருகியிருந்த தொலைபேசிச் சார்ஜர் ஒன்று வெடித்தது.

"தம்பி, ஒரு துளி மழைகூட விழேல்லை, வெயிலும் எறிச்சுக்கொண்டுதான் நிண்டது. மழை வந்தால் கழட்டலாம் எண்டு நினைச்சன்" என்றார் அவர். வன்னியில் இது எல்லோரும் செய்கிற கணிப்பு. மழையையே எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். ஆனால் மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றர் வரை தள்ளியும் மின்னல் தரையைத் தொடக்கூடும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், மின்னல் தெரிந்து 30 செக்கனுக்குள் இடி கேட்டால் முகில் அந்த 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது என்று பொருள். தென்மேற்கு, வடகீழ்ப் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பங்குனி–சித்திரையிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் இலங்கையில் இடிமின்னல் மிகுதி. அவற்றுள் பிந்தியது வன்னியில் காலபோக விதைப்போடு சரியாகப் பொருந்திவருகிறது.

கடையில் கிடைத்த தீர்ப்பு

மறுநாள் கணினி நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனது. பவர் சப்ளை முற்றாகச் செத்துவிட்டதை அங்கே சரியாகவே கண்டார்கள். புதிய பவர் சப்ளை ஒன்றைப் பொருத்தி ஆளியை அழுத்தியபோது, மின்விசிறி அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. நினைவகத்தைக் கழற்றி மாற்றிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. பவர் சப்ளை புதியது, நினைவகம் மாற்றியாயிற்று, ஆகவே மதர்போர்ட் போய்விட்டது என்று சொல்லி, ஏறக்குறையப் புதுக்கணினியின் விலைக்கு ஒரு மதிப்பீட்டையும் கொடுத்தார்கள். ஒற்றைப் பழுதுக் கணக்கில் இந்த முடிவு பிழையற்றது. அவர்கள் கழற்றிப் பார்க்காத பொருள் ஒன்று இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

என்னிடம் வந்தபோது, கணினியைத் திறப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மின்னலால் வந்த பாய்ச்சல் ஒரு கருவியைச் சேதப்படுத்த வேண்டுமானால், அதற்குள் நுழைய ஒரு கம்பியும் வெளியேற இன்னொரு கம்பியும் வேண்டும். ஆகவே வீட்டுக்குள் வரும் எல்லாக் கம்பிகளையும் ஒரு தாளில் வரைந்துகொண்டோம். வீதிக் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி முன்சுவரால் நுழைந்து மீற்றருக்கும் ரிப் சுவிட்சுக்கும் போகிறது. லான் கேபிள் பின்சுவரால் நுழைகிறது. புவித்தண்டு குசினி மூலையில், பாத்திரம் கழுவும் நீர் விழும் இடத்தில் நடப்பட்டிருந்தது. தொலைக்காட்சியின் டிஷ் கேபிள் வேறு அறையில், கணினியோடு எவ்விதத் தொடர்புமின்றி இருந்தது. கணினி மேசை, முன்சுவராலும் பின்சுவராலும் வந்த இரு கம்பிகளும் சந்திக்கும் ஒரே இடம்.

அடுத்து, வீட்டில் வேறு என்னென்ன பழுதடைந்தன என்று கேட்டேன். நீட்டிப் பலகைச் சார்ஜர், முன்னறையிலும் விறாந்தையிலும் இரு எல்ஈடி மின்குமிழ்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒன்றுமில்லை. அயல்வீட்டில் எதுவுமே பழுதாகவில்லை என்பது இவற்றைவிட முக்கியமான விடை. பாய்ச்சல் மின்சார சபையின் கம்பிவழியே தொலைவிலிருந்து வந்திருந்தால், அதே கம்பத்தில் இணைந்த அயல்வீட்டிலும் தடயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தாக்கம் பனைக்கு அருகிலிருந்த இந்த வளவுக்குள்ளேயே உருவாகியிருக்கிறது என்ற கணிப்பு அங்கேதான் உருவானது.

மின்செருகியில் 230 வோல்ற் சரியாக இருந்தது. ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானும் வேலை செய்தது. இங்கே ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் "ரிப் அடிக்குது, அப்ப எர்த் நல்லம்" என்று நமது வயரிங் வேலையாட்கள் பலர் சொல்வார்கள். சோதனைப் பொத்தான் சுவிட்சின் உள்ளேயே ஒரு தடையின் ஊடாக மின்னோட்டத்தைக் கசியவிடுகிறது. புவித்தண்டை அது தொடுவதே இல்லை. உண்மையான கசிவின்போதும், 30 மில்லி அம்பியரில் விழும் சுவிட்ச் ஒன்று 50 வோல்ற் என்ற பாதுகாப்பெல்லைக்குள் வேலை செய்வதற்குப் புவித்தடை 1,666 ஓம் வரை இருந்தாலும் போதும். மனித உயிரைக் காக்க அது போதும். ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்துக்கு அத்தகைய புவித்தொடுப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ரிப் சுவிட்ச் மின்னல் பாய்ச்சலைத் தடுப்பதுமில்லை: அதன் தொடுகைகள் பிரிய மில்லிசெக்கன் கணக்கில் நேரமாகும், பாய்ச்சலோ மைக்ரோசெக்கன்களில் வேலையை முடித்துவிடுகிறது.

பவர் சப்ளை

பழைய பவர் சப்ளையின் மின்கம்பியைக் கழற்றி நெடுநேரம் வைத்த பின்பே அதன் மூடியைத் திறந்தேன். 230 வோல்ற் ஆடலோட்டத்தின் உச்சம் 325 வோல்ற். அந்த அளவு நேரோட்டம் உள்ளேயிருக்கும் பெரிய கொள்ளளவியில் (கப்பாசிற்றரில்) தேங்கி நிற்கக்கூடும். இதில் பழக்கமில்லாதவர்கள் பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது, மாற்றிவிடுவதே சரி. நான் திறந்தது திருத்துவதற்காக அன்று, தடயம் பார்ப்பதற்காக.

உள்ளே, மிகை மின்னழுத்தத்தை உள்வாங்கிக் காக்கும் வரிஸ்டர் இரண்டாகப் பிளந்து, சுற்றிலும் சாம்பல் படிந்திருந்தது. கண்ணாடி உருகியின் உட்சுவர் கறுத்து, வெள்ளித் துகள் பூசியதுபோல் இருந்தது. சற்றே அதிகமான மின்னோட்டத்தால் உருகிய கம்பி நடுவில் அறுந்து நிற்கும், கண்ணாடி தெளிவாக இருக்கும். இப்படிக் கறுப்பது மிகப் பெரிய மின்னோட்டம் ஒரே வீச்சில் போனதன் அடையாளம். மின்சாரக் கம்பியின் பக்கமாக ஒரு தாக்கம் நிச்சயமாக நடந்திருக்கிறது. ஆனால் தாக்கம் அந்த வாசலால் மட்டும் வந்ததா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருந்தது.

என்னிடமிருந்த நல்ல பவர் சப்ளை ஒன்றை முதலில் தனியே சோதித்தேன். 24 ஊசி இணைப்பியின் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியுடன் தொடுத்தால் அது இயங்கத் தொடங்கும். சுமையுடன் பார்த்தபோது 12, 5, 3.3 வோல்ற் மூன்றும் ஏடிஎக்ஸ் விதிப்படியான 5 வீத எல்லைக்குள் நின்றன. அளவுகோல் நேரானதா என்று பார்க்காமல் அளக்கத் தொடங்குவதில் பயனில்லை என்பதால் இதற்கு நேரம் செலவிட்டேன்.

வெறும் பலகை

மின்னல் பழுதில் நான் எப்போதும் கீழிருந்து மேலே போகிறேன்: முதலில் எல்லாவற்றையும் கழற்றி, மிகக் குறைந்த பாகங்களுடன் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. இம்முறையிலும் மதர்போர்ட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க், டிவிடி, முன்பக்க யூஎஸ்பி, முன்பக்க ஒலி, லான் கேபிள் அனைத்தையும் கழற்றினேன். செயலியும் ஒரு நினைவகமும் மட்டும் மிஞ்சின.

மின் கொடுப்பதற்கு முன், 24 ஊசித் துளைகளில் மல்ரிமீற்றரை வைத்து 12, 5, 3.3 வோல்ற், தயார்நிலை 5 வோல்ற் ஆகிய நான்கு வழிகளுக்கும் நிலத்துக்கும் (கறுப்புக் கம்பியின் வழிக்கும்) இடையிலான தடையை அளந்தேன். எந்த வழியும் குறுக்கிணைந்திருக்கவில்லை (ஷோர்ட் ஆகியிருக்கவில்லை). செயலிக்குத் தனியே வரும் 12 வோல்ற் இணைப்பியும் அப்படியே. முற்றாகப் போய்விட்டதாகச் சொல்லப்பட்ட பலகையில் ஒரு குறுக்கிணைப்புக்கூட இல்லாதது கடைத் தீர்ப்பின்மேல் முதல் ஐயத்தை எழுப்பியது. நல்ல பவர் சப்ளையைப் பொருத்தி ஆளியை அழுத்தியபோது மின்விசிறி தொடர்ந்து சுற்றியது. ஒரு குறும்பீப் ஒலித்தது. திரையில் பயோஸ், அதாவது கணினியின் தொடக்கத் திரை, தெரிந்தது. மதர்போர்ட் உயிருடன் இருந்தது.

அப்படியானால் கடையில் மின்விசிறி ஏன் அரைச்சுற்றோடு நின்றது? அதற்கான விடை ஹார்ட் டிஸ்க்கின் மின்செருகியில் இருந்தது. சாட்டா மின்னிணைப்பியின் 15 தொடுகைகளில் 13 முதல் 15 வரை 12 வோல்ற்றுக்கும், 7 முதல் 9 வரை 5 வோல்ற்றுக்கும், 4 முதல் 6 வரையும் 10, 12 ஆகியவையும் நிலத்துக்கும் உரியவை. கழற்றிய டிஸ்க்கில் 12 வோல்ற் தொடுகைக்கும் நிலத்துக்கும் இடையே அளந்தபோது அரை ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. 5 வோல்ற் பக்கம் வழமைபோல் இருந்தது. அந்த டிஸ்க் செருகியிருக்கும்வரை எந்த நல்ல பவர் சப்ளையும் தொடங்கிய உடனேயே மிகைமின்னோட்டத்தை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொள்ளும். அதன் வேலையே அதுதான். கடையில் நினைவகத்தைக் கழற்றியவர்கள் டிஸ்க்கைக் கழற்றவில்லை. டிஸ்க் பழுதானால் விண்டோஸ் எழும்பாது, ஆனால் கணினி இயங்கும் என்பது பொதுவான அனுபவம். அந்த அனுபவமே இங்கு வழிமறித்தது.

இரண்டாவது வாசல்

பயோஸ் வந்த மகிழ்ச்சியில் வேலையை முடித்திருக்கலாம். ஆனால் தாளில் வரைந்த இரண்டாவது கம்பியின் முடிவில் என்ன நடந்திருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை. பலகை இயங்கிக்கொண்டிருந்தபோது லான் துளைக்கு அருகிலிருந்த சில்லு விரல் வைக்க முடியாத அளவு சூடாகியிருந்தது. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றால் கணினியை இயக்கிப் பார்த்தபோது, இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் லான் இல்லவே இல்லை. மேசையிலிருந்த மின்கொடுக்கும் சிறுபெட்டியும் செத்திருந்தது. பைப் கம்பத்தின் உச்சியிலிருந்த 4ஜி கருவியும் வேறு பெட்டியால் மின் கொடுத்தபோது விளக்கெரியவில்லை.

லான் துளைகளுக்குள் சிறு மின்மாற்றிகள் உள்ளன. கம்பிக்கும் சில்லுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லாதபடி அவை பிரித்து வைக்கின்றன; ஈதர்நெற் தரப்படி அந்தப் பிரிப்பு 1,500 வோல்ற் ஆடலோட்டத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். பனையில் விழுந்த இடி அதை மீறக்கூடியதா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்னலின் முதல் வீச்சில் நடுத்தரமான உச்ச மின்னோட்டம் 30,000 அம்பியர் அளவு. 40 மீற்றர் தொலைவில் அது உண்டாக்கும் காந்தப்புலம் ஏறத்தாழ 150 மைக்ரோ ரெஸ்லா. முன்சுவரால் வந்த மின்கம்பியும் பின்சுவரால் வந்த லான் கேபிளும் வீட்டைச் சுற்றி ஒரு பெருங்கண்ணியை (கம்பி வளையத்தை) உருவாக்கியிருந்தன. அதன் பரப்பை 30 சதுர மீற்றர் என்று கொண்டு, மின்னோட்டம் உச்சத்தை எட்ட 2 மைக்ரோசெக்கன் எடுத்தது என்று வைத்தால், அந்தக் கண்ணியில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஏறத்தாழ 2,250 வோல்ற். இது மதிப்பீடுதான், ஆனால் லான் துளை தாங்கவேண்டிய எல்லையைத் தாண்டி நிற்கிறது. கண்ணியின் இரு முனைகளும் சந்தித்த இடம் கணினி. கம்பத்தின்மீது இடி விழாமலே, கம்பி ஒன்றையும் தொடாமலே, இந்த அழுத்தம் உள்ளே வந்துவிடும்.

மின்கம்பிப் பக்கத்துச் சேதத்துக்கும் பனையே போதும். 100 ஓம்-மீற்றர் தடைத்திறனுள்ள மண்ணில் 30,000 அம்பியர் இறங்கினால், 40 மீற்றர் தொலைவில் மண்ணின் மின்னழுத்தமே ஏறத்தாழ 12,000 வோல்ற்றுக்கு உயரும். குசினி மூலையிலிருந்த புவித்தண்டும், அதோடு தொடுக்கப்பட்ட கணினிப் பெட்டியும் அந்த அழுத்தத்துக்கு உயர்ந்தன. மின்சார சபையின் நடுநிலைக் கம்பியோ தொலைவிலுள்ள மின்மாற்றியடியில் புவியோடு தொடுக்கப்பட்டு அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு பவர் சப்ளைக்குள் வெளிப்பட்டு, வரிஸ்டரை உடைத்து, 12 வோல்ற் வழியிலும் ஒரு துள்ளலை உண்டாக்கியிருக்கிறது. பாய்ச்சல் மேலிருந்து கம்பிவழியாக வரும் என்றே நாம் நினைக்கிறோம். இங்கே பாதிக்கு மேல் கீழிருந்து, எர்த் கம்பிவழியாக வந்தது என்பது என் கணிப்பு.

ஹார்ட் டிஸ்க்கும் கணக்குகளும்

மூன்றரை அங்குல டிஸ்க்குகளின் மின்சுற்றுப் பலகையில், மின்செருகிக்கு அருகே, 12 வோல்ற் வழிக்கு ஒன்றும் 5 வோல்ற் வழிக்கு ஒன்றுமாக இரு டிவிஎஸ் டயோட்டுகள் இருப்பது வழக்கம். அழுத்தம் எல்லை மீறும்போது அவை கடத்தத் தொடங்கி, மிஞ்சினால் குறுக்கிணைந்து தாம் செத்து மற்றவற்றைக் காக்கின்றன. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது 12 வோல்ற் பக்கத்து டயோட்டின் உடலில் நுண்ணிய வெடிப்பு ஒன்று இருந்தது. அந்த டயோட் முதலில் குறுக்கிணைந்ததே 12 வோல்ற் வழியில் எழுந்த துள்ளலைக் கீழே பிடித்து, அதே வழியில் தொங்கிய மதர்போர்ட்டையும் காப்பாற்றியிருக்க வேண்டும். கடையில் கணினியை எழும்பவிடாமல் மறித்த அதே துண்டுதான் இதைச் செய்தது என்பதைச் செயலாளருக்கு விளக்கியபோது அவர் அந்த டயோட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

டயோட்டைச் சோல்டரிங் அயனால் கழற்றியதும் 12 வோல்ற் தொடுகைக்கும் நிலத்துக்கும் இடையிலான தடை வழமைக்கு உயர்ந்தது. இதன் பின் டிஸ்க் இயங்கும், ஆனால் காவலின்றி இயங்கும். ஆகவே அதற்குத் தரப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: தன்னுள் இருப்பதை ஒருமுறை வாசித்துக் கொடுப்பது. அதிலிருந்து விண்டோஸை எழுப்பவே இல்லை. எழுப்பினால் அது எழுதத் தொடங்கும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ கொண்டு முழுடிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுத்தேன். இந்த மென்பொருள் வாசிக்க முடியாத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பின்னரே கடினமான இடங்களுக்குத் திரும்புகிறது. சாட்டாவில் நேரடியாக இணைத்தால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடியக்கூடிய வேலை. பழைய யூஎஸ்பி 2 பெட்டி வழியாக என்றால் ஐந்து மணித்தியாலத்தை நெருங்கும். வாசிப்புப் பிழை எதுவும் வரவில்லை. கமக்கார அமைப்பின் பட்டியல்கள் முழுமையாகக் கிடைத்தன.

டயோட்டைக் கழற்றிய பின்பும் டிஸ்க் சுழலாதிருந்தால் அடுத்து என்ன என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் இங்கேதான் பலர் தரவை இழக்கிறார்கள். அதே மாதிரி டிஸ்க் ஒன்றின் பலகையைக் கழற்றி மாட்டினால் போதும் என்பது பழைய நம்பிக்கை. இப்போதைய டிஸ்க்குகள் பலவற்றில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள எட்டுக்கால் நினைவகச் சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லைப் பழைய பலகையிலிருந்து கழற்றிப் புதியதில் பொருத்தாமல் டிஸ்க் தன்னையே அடையாளம் காணாது. அந்த வேலையைப் பழகிய கைகளிடம் கொடுப்பதே நல்லது.

மீளப் பொருத்தியதும் மாற்றியதும்

புதிய பவர் சப்ளை, புதிய எஸ்எஸ்டி ஒன்று, பழைய மதர்போர்ட், பழைய செயலி, பழைய நினைவகங்கள். சூடாகிய லான் சில்லைப் பயோஸில் செயலிழக்கச் செய்தபின் அதன் வெப்பம் பெரிதும் குறைந்தது. குறையாதிருந்தால் பலகையையே கைவிடச் சொல்லியிருப்பேன். நினைவகங்களை மெம்டெஸ்ட்86 பிளஸ் கொண்டு இரவு முழுதும் சோதித்தேன். சாட்டா துளைகள், யூஎஸ்பி துளைகள், ஒலித்துளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தேன். சலிப்பான வேலை, ஆனால் கூட்டமாக வரும் பழுதில் எந்தத் துளையையும் நல்லது என்று ஊகத்தில் கொள்ள முடியாது.

இணையத்துக்கு லான் அட்டை ஒன்றைப் போட்டுவிடலாமே என்று செயலாளர் கேட்டார். நான் மறுத்தேன். அட்டை போட்டால் கம்பத்திலிருந்து கணினிக்கு மீண்டும் ஒரு செப்புக்கம்பி வரும், அந்தக் கண்ணியும் திரும்ப மூடிக்கொள்ளும். புதிய 4ஜி கருவியின் கேபிள் பின்னறையில் ஒரு வைஃபை ரவுட்டரோடு நிற்கிறது. கணினி சிறிய யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்றால் இணைகிறது. அடுத்த இடியில் ரவுட்டர் போகலாம், கணக்குகள் போகமாட்டா.

பைப் கம்பத்தின் புவித்தொடுப்பில்தான் அவருடைய வயரிங் வேலையாளுடன் கருத்து வேறுபட்டது. கம்பத்தடியில் தனியாக ஒரு தண்டை அடித்து அதோடு விட்டுவிடலாம் என்பது அவர் வாதம். முன்னே சொன்ன 12,000 வோல்ற் கணக்கை அவருக்கும் காட்டினேன்: இரண்டு தண்டுகள் தனித்தனியே நின்றால் இடியின்போது அவை வெவ்வேறு அழுத்தத்துக்கு உயரும், அந்த வேறுபாடு வீட்டுக்குள்ளிருக்கும் கருவிகளின் ஊடாகவே சமனாகும். கம்பத்தடியில் தண்டு அடிப்பதில் தவறில்லை. ஆனால் அதை வீட்டின் பிரதான புவித்தொடுப்போடு தடித்த செப்புக்கம்பியால் இணைத்தே ஆகவேண்டும். 16 சதுர மில்லிமீற்றர்க் கம்பியால் வீட்டுக்கு வெளியே, நேர்வழியில், கூர்வளைவின்றி இணைத்தார்கள்.

பிரதானப் பலகையில் இரண்டாம் வகைப் பாய்ச்சல் தடுப்பான் ஒன்றும் பொருத்தப்பட்டது. இதை விற்பவர்கள் சொல்லாத விடயம் ஒன்று: அதன் இணைப்புக் கம்பிகள் மொத்தமாக அரை மீற்றருக்குள் இருக்கவேண்டும். ஒரு மீற்றர் கம்பியின் தூண்டலே பாய்ச்சலின்போது ஆயிரம் வோல்ற் அளவை எழுப்பும். தடுப்பான் எவ்வளவு நல்லதாயினும் நீண்ட கம்பியில் தொங்கினால் அந்த ஆயிரமும் சேர்ந்தே கருவிக்குப் போகும். முதலில் அழகுக்காகப் பலகையைச் சுற்றிக் கொண்டுபோயிருந்த கம்பியைக் குறுக்கிக் கொடுத்தார் வேலையாள்.

இவை எல்லாம் இருந்தாலும், இடி கேட்டால் செருகியைச் சுவரிலிருந்து இழுத்துவிடுவதற்கு மாற்றில்லை. சுவர்ச் சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது: அது உயிர்க்கம்பியை மட்டுமே பிரிக்கிறது, நடுநிலையும் எர்த்தும் தொடர்ந்தே இருக்கின்றன. உயிர்க்கம்பியிலும் தொடுகைகளுக்கிடையே இருப்பது சில மில்லிமீற்றர்க் காற்று மட்டுமே; மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்றில் காற்றே கடத்தத் தொடங்கிவிடும்.

மார்கழி மழைக்காலத்தில் செயலாளர் மீண்டும் அழைத்தார்: முன்பக்க யூஎஸ்பி துளை இரண்டில் ஒன்று பென்டிரைவை அறியவில்லை, சிலவேளை கணினியே தானாக நின்று எழும்புகிறது. நான் சோதித்த நாளில் அந்தத் துளை வேலை செய்தது. மின்னல் சில குறைக்கடத்திகளை உடனே கொல்லாமல் பலவீனமாக்கி விடுவதுண்டு. கசிவு மெல்ல வளர்ந்து பின்னர் வெளிப்படும். முன்பக்க யூஎஸ்பி கேபிளை மதர்போர்ட்டிலிருந்து கழற்றியதும் கணினி தானாக நின்று எழும்புவது ஒழிந்தது. பின்பக்கத் துளைகள் நான்கும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணக்குகள் பிரதியெடுக்கப்படும் பென்டிரைவ் அவற்றில் ஒன்றில்தான் செருகப்படுகிறது, வேலை முடிந்ததும் கழற்றப்படுகிறது.